வீட்டுக்காரர் பெயர் என்ன?

எனக்கு முன்கோபம் உண்டு. அதை மறைத்து எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கொஞ்சம் தற்பெருமையும் உண்டு. இங்கே எழுதப்போவதில் கோபத்தைவிடப் பெருமைதான் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயுசு முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் 'நீ நல்ல டீச்சர்தான்' என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டது, என்னைவிட வயதில் ரொம்ப மூத்த ஒரு மாணவியால்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மலாக்கா டவுனில், காஜா பேராங்கில் எங்கள் வீடு. அப்பா ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். எங்கள் வேலிக்கு அந்தப்பக்கம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட செட்டிகளின் கம்போங், அதாவது குடியிருப்பு. நம்மைப் போலவே திருநீறு பூசிக் கோயிலுக்குப் போகிறவர்கள்; வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி, அவர்களோடு சண்டை போட்டே வளர்ந்ததால், மலாய் எனக்குப் புத்தகத்தில் படித்து வந்த பாஷை இல்லை. அதில் எனக்குத் திட்டவும் தெரியும், சமாதானம் பேசவும் தெரியும்.

காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பேன். சாயங்காலம் அதே அறையில் பெரியவர்களுக்கு மலாய் வகுப்பு. அதற்கும் என்னையே போட்டார்கள். இன்னும் கல்யாணம் ஆகாதவள், வீட்டில் சும்மா உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாள் என்று தலைமையாசிரியர் நினைத்திருப்பார்.

அந்த வகுப்புக்கு யாரும் மொழி ஆசையில் வரவில்லை. இந்தியாவில் பிறந்து இங்கே வந்து உழைத்தவர்களுக்குக் குடியுரிமை வேண்டுமானால், ஓர் அதிகாரி முன்னால் உட்கார்ந்து அவர் கேட்கிற சின்னச் சின்னக் கேள்விகளுக்கு மலாயில் பதில் சொல்ல வேண்டும். பெயர் என்ன, எங்கே குடியிருக்கிறாய், என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை பேர். சொல்லிவிட்டால் பத்திரம் கிடைக்கும். சிவப்பு அடையாள அட்டை போய் நீல அட்டை வரும். சொல்லாவிட்டால் சிவப்பேதான். சிவப்பு அட்டைக்காரர்களை ஒருநாள் கப்பலேற்றிவிடுவார்கள் என்று டவுன் முழுக்கப் பேச்சு. யார் சொன்னார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் எல்லாரும் நம்பினார்கள்.

பாடம் நடத்த எனக்கு ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். ஒரு வாக்கியத்தை நான் சொல்ல வேண்டும், வகுப்பு முழுக்கச் சேர்ந்து திரும்பச் சொல்ல வேண்டும். 'இது மேசை. அது நாற்காலி.' கோயிலில் போற்றி சொல்வதுபோல எல்லாரும் ராகம் போட்டுச் சொன்னார்கள். ஒரு வாரம் அப்படி நடத்தினேன். ஒரு வாரம் கழித்துத் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கூட்டத்தோடு வாய் அசைத்தவர்கள்தான் பாதிப்பேர். எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

அதற்கப்புறம் ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தேன். தெங்கேராவில் சில்லறைக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் வருவார். தமிழ் எழுத்தும் தெரியாது, மலாயை எழுதுகிற ரூமி என்ற ஆங்கில எழுத்தும் தெரியாது. கரும்பலகையைப் பார்த்தாலே கொட்டாவி விடுவார். ஆனால் ஓதுகிறவர், அரபு எழுத்து அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "பாய், நான் சொல்றத உங்க எழுத்துல எழுதிக்குங்க" என்றேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் வாயைத் திறந்ததும் வலப்பக்கமிருந்து அவர் பென்சில் ஓடும். எழுதினதை வீட்டில் உட்கார்ந்து ஓதி ஓதி, எல்லாருக்கும் முன்னால் பாடத்தை முடித்தவர் அவர்தான்.

புக்கிட் கட்டில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வருகிற, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அண்ணன் ஒருவர். ஒரு காது சுத்தமாகக் கேட்காது, இன்னொன்று அரைகுறை. கும்பலாகச் சொல்லும்போது அவருக்கு எல்லாம் ஒரே இரைச்சல். அவரை முன் பெஞ்சில் நல்ல காது என் பக்கம் வருகிறமாதிரி உட்கார வைத்தேன். விளக்கு என் முகத்தில் படும்படி நின்று பேசினேன். அவருக்குக் கண்தான் ஓடும், அதனால் ரூமி எழுத்தை அவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்தேன். ஒரே பாடம், ஆளுக்கொரு வாசல். இதை எனக்கு எந்தப் பயிற்சிக் கல்லூரியும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதை இந்த இடத்தில் குறித்துவிட்டு மேலே போகிறேன்.

வகுப்பு நன்றாக நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அந்த அக்கா வந்தார்.

முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நகராட்சியில் தெருக்கூட்டுகிற வேலை. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். வீட்டுக்காரர் இங்கேயே தோட்டத்தில் பிறந்தவர், குப்பை லோரியில் வேலை. அவருக்கு நீல அட்டை இருந்தது. பிள்ளைகள் மூவரும் இங்கே பிறந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் சிவப்பு அட்டை அக்காவிடம் மட்டும்தான். அதிகாரி முன்னால் ஒருமுறை போய் உட்கார்ந்து, பதில் சொல்லாமல் தோற்றுவிட்டு வந்திருந்தார். இன்னொரு முறை கூப்பிடுவார்கள், அதற்குள் மலாய் கற்றுக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அதிகாரியப் பார்த்ததும் பயந்துட்டா டீச்சர்" என்றார், அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து விட்ட வீட்டுக்காரர். "நீங்கதான் பாத்துச் சொல்லிக்குடுக்கணும். இல்லாட்டி இவள மட்டும் கப்பல் ஏத்திருவாங்க, நானும் பிள்ளைங்களும் கரையில நிக்கணும்." சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

அக்கா கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வாயைத் திறக்கவே மாட்டேன் என்றார். நான் அவருக்கு 'இது மேசை'யிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு மூன்று சாயங்காலம் அப்படிப் போயிற்று. தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் அம்மாவுக்கு மீன் வாங்கப் பாசாருக்குப் போனேன். மீன்காரனோடு ஒரு பெண் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மலாயில்தான். மீன் நேற்றையது, செவுளைப் பார், கண்ணைப் பார், இதை உன் மாமியாருக்குக் கொண்டுபோய்க் குடு என்று ஒரு பிடி பிடித்தாள். மீன்காரன் கையெடுத்துக் கும்பிடாத குறை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் நம்ம அக்கா! என்னைக் கண்டதும் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மேசை நாற்காலின்னு என் தொண்டத்தண்ணி வத்த வச்சீங்களே, இந்த மலாய் எங்கேயிருந்து வந்துச்சு?" என்று அங்கேயே கேட்டேன்.

"இது பாசார் மலாய்தானே டீச்சர். சும்மா வாயில வர்றது. நீங்க சொல்லிக்குடுக்கறது ஆபீஸ் மலாய்னு நெனச்சேன்."

பாசாரை விட்டு வெளியே வந்து, இருவரும் ஆற்றோரமாக நடந்தோம். நான் விடவில்லை. அதிகாரி மாதிரியே குரலை வைத்துக்கொண்டு மலாயில் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். பெயர்? சொன்னார். எங்கே குடியிருக்கிறீர்கள்? செமாபோக் போகிற வழியில், நகராட்சி லைன் வீட்டில். வேலை? தெரு கூட்டுவது. பிள்ளைகள்? மூன்று, மூத்தவன் படிக்கிறான், சின்னவளுக்குச் சளி. நான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். "சியாப்பா நாமா சுவாமி?" என்று அதே வேகத்தில் கேட்டேன். கணவர் பெயர் என்ன என்று அர்த்தம்.

அக்காவின் நடை நின்றது. தரையைப் பார்த்தார். கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறினார். இரண்டாவது தடவை கேட்டேன். முகம் சிவந்து, "போங்க டீச்சர்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதிகாரி முன்னால் நடந்தது இதுதான். அவர் ஒரு தடவை கேட்டிருப்பார். பதில் இல்லை. இன்னொரு தடவை மெதுவாக, சத்தமாகக் கேட்டிருப்பார். இவர் தலையைக் குனிந்திருப்பார். இந்த அம்மாவுக்கு மலாய் தெரியாது என்று அவர் எழுதிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. புருஷன் பெயரைச் சொல்லாத பெண்டாட்டிகள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அவருக்கு யார் சொன்னது? அதற்கப்புறம் கேட்ட எந்தக் கேள்விக்கும் அக்காவுக்கு வாய் எழவில்லை. அக்காவின் வீட்டுக்காரருக்கே இது தோன்றவில்லை. பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தது நான்தான்.

"ஒரு தடவ சொன்னா என்ன அக்கா? அவரு கூட அங்க இருக்க மாட்டாரு. ஒரே ஒரு பேரு. அதுக்காகப் பிள்ளைங்கள விட்டுட்டுப் போவீங்களா?"

"கோயில்லயே சொல்ல மாட்டேன் டீச்சர்." அவர் வீட்டுக்காரருக்குச் சாமி பெயர். அந்தச் சாமியைக் கும்பிடும்போதுகூட அக்கா 'வேல் வச்சிருக்கிற சாமி' என்றுதான் கூப்பிடுவாராம். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தபோது மூத்தவன்தான் அப்பா பெயரைச் சொன்னானாம்.

"இந்தக் காலத்துல போய்..." என்று நான் ஆரம்பித்தேன். நல்ல வேளையாக அக்கா குறுக்கே பேசினார்.

"ஜப்பான்காரன் காலத்துல இவர சயாம் ரயில் பாதை போடப் பிடிச்சிட்டுப் போனாங்க டீச்சர். கல்யாணம் ஆன புதுசு. லோரி கிளம்புறப்போ லைன்ல இருந்த பொம்பளைங்க எல்லாம் அவங்கவங்க புருஷன் பேரச் சொல்லிச் சொல்லிக் கத்தினாங்க. ஓடுற லோரிக்குப் பின்னாலயே ஓடிக் கத்தினாங்க. நான் வாயத் திறக்கல. பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன். அந்த லோரியில போனதுல அவங்க புருஷன்மாரு யாரும் திரும்பி வரல. இவரு வந்தாரு. காலெல்லாம் புண்ணோட, எலும்பும் தோலுமா, ஆனா வந்தாரு."

ஆற்றில் ஒரு படகு போயிற்று. அக்கா மீன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"நான் சொல்லாம இருந்ததாலதான் வந்தாருன்னு நான் நம்புறேன். நீங்க படிச்சவங்க, சிரிப்பீங்க. சிரிச்சிக்குங்க. ஆனா எனக்குப் பத்திரம் வேணும்னு அந்தப் பேர நான் வாயால சொல்ல மாட்டேன் டீச்சர். எனக்கு அவரு வேணும்."

நான் சிரிக்கவில்லை. மூடநம்பிக்கை என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்திருந்தது, அதை விழுங்கினேன். பாயை இடமிருந்து வலமாக எழுதச் சொல்லி நான் கட்டாயப்படுத்தவில்லை. அந்த அண்ணனைக் காது கேட்கச் சொல்லி மிரட்டவில்லை. இவரை மட்டும் எதற்கு வளைக்க வேண்டும்? வளைய வேண்டியது பாடம். அன்றிரவு அதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். காலையில் எழுந்தபோது பாதி விடை கையில் இருந்தது.

மற்ற பாதிக்குச் செட்டி வீட்டு அக்காவிடம் போனேன். எங்கள் வேலியோரத்து வீட்டில் இருந்தவர். கெபாயா சட்டையும் சாரோங்கும் கட்டி, கொண்டை போட்டு, வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். துருவலை நிறுத்தாமல் மலாயில் சொன்னார்: "மாட்டேன் என்று சொல்லவேண்டாம், தெரியாது என்றும் சொல்லவேண்டாம். அடாட் என்று சொல்லச் சொல்." அடாட் என்றால் வழிவழியாக வரும் வழக்கம். அந்த வார்த்தையைக் கேட்டால் மலாய்க்காரர் அதற்குமேல் ஒருவரை நெருக்க மாட்டார் என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "உனக்கும் சீக்கிரம் சொல்லக்கூடாத பெயர் ஒன்று வரட்டும்" என்று கிண்டல் செய்தார்.

அடாட் பாதி விடை. கேள்விக்குப் பதில் வராமல் அதிகாரி தாளில் என்ன எழுதுவார்? அதனால் மீதிப் பாதி இது: வாயால் சொல்லாத பெயரை அக்கா கையால் எழுதிக் கொடுப்பது.

நம்ம அக்காவிடம் சொன்னதும் கேட்டார்: "எழுதினா சொன்ன மாதிரி ஆகாதா?"

"கல்யாணப் பத்திரிகையில உங்க பேரும் அவரு பேரும் எழுதலையா?"

"எங்க கல்யாணத்துக்கு ஏது டீச்சர் பத்திரிக?" என்று சிரித்தார். நான் அவரைச் சிரிக்கப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சரி. வாய்தானே சொல்லக் கூடாது. கை எழுதட்டும். ஆனா அவருக்குத் தெரிய வேணாம். வரலன்னா கேலி பண்ணுவாரு."

வரவில்லை. பென்சிலைக் கொடுத்தால் அதை ஈர்க்குச்சி மாதிரி பிடித்து அழுத்துவார், முனை ஒடியும். தாள் கிழியும். பிறந்ததிலிருந்து எழுதுகோலைத் தொட்டிராத கை. விளக்குமாறு பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி கையைப் பிடித்து எழுதவைத்துப் பார்த்தேன். வியர்த்து, வெட்கப்பட்டு, "எனக்கு வேணாம் டீச்சர், நான் சிவப்பு அட்டையோடயே இருந்துட்டுப் போறேன்" என்று எழுந்துவிட்டார்.

அன்றைக்கு வகுப்பு ஆரம்பிக்கும் முன் பள்ளி வராந்தாவில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அக்கா யாரும் சொல்லாமலேயே விளக்குமாற்றை எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தோளிலிருந்து கை எப்படிப் போகிறது, மூலைக்கு வந்ததும் எப்படி வளைகிறது, எங்கே தூக்குகிறார், எங்கே அழுத்துகிறார். எழுத்து என்பதும் இதே வேலைதான். சின்ன இடத்தில் செய்கிறோம், அவ்வளவுதான்.

தேய்ந்து குட்டையான ஒரு விளக்குமாற்றைத் தேடி எடுத்தேன். வாளித் தண்ணீரில் நனைத்து, காய்ந்த சிமெண்டுத் தரையில் அந்தப் பெயரின் முதல் எழுத்தை ரூமியில் என் உயரத்துக்குப் போட்டேன். "இதே மாதிரி கூட்டுங்க" என்றேன்.

கூட்டினார். ஒரே இழுப்பில் வந்தது. அக்காவே அதை நம்பாமல் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் வராந்தாவில் ஒரு வாளியும் விளக்குமாறும் தயாராக இருக்கும். உள்ளே நான் மற்றவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பேன். வெளியே அக்கா எழுதிக்கொண்டிருப்பார். நீளமான பெயர். கடைசி எழுத்தை முடிக்கும்போது முதல் எழுத்து காய்ந்திருக்கும். அது அவருக்கு வசதி. வாசல் கேட்டருகே வீட்டுக்காரர் சைக்கிளில் சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெண்டாட்டி பள்ளிக்கூடத்தையும் கூட்டிப் பெருக்குகிறாள் என்று நினைத்திருப்பார். போகப் போக எழுத்தைச் சின்னதாக்கினேன். விளக்குமாறு போய், நனைத்த துணி சுற்றிய குச்சி வந்தது. குச்சி போய்ச் சாக்குக்கட்டி வந்தது. சாக்குக்கட்டி போய்ச் சிலேட்டுக் குச்சி, கடைசியில் பென்சில்.

ஒருநாள் சிலேட்டில் முழுப் பெயரையும் எழுதி முடித்துப் பெஞ்சில் வைத்திருந்தார். காது கேட்காத அண்ணன் அதை எட்டிப் பார்த்தார். எழுத்துக் கூட்டி, தனக்கே கேட்கிற அளவுக்கு, அதாவது தெருக்கோடி வரை கேட்கிற அளவுக்கு, அந்தப் பெயரை ஒரு கத்துக் கத்தினார். அக்கா சிலேட்டைப் பிடுங்கி மடியில் மறைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்தார். டவுனில் தெருவுக்கு ஒருவருக்கு அந்தச் சாமி பெயர்; சுருட்டு அசையவில்லை. பாய் மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு அண்ணனைத் திட்டுவதா தட்டிக்கொடுப்பதா என்று தெரியவில்லை. அண்ணன் வாசித்த முதல் சொல் அது. அக்கா எழுதிய முதல் சொல்லும் அதுதான். இரண்டும் என் வகுப்பில் ஒரே நாளில்.

அந்தச் சமயத்தில்தான் கல்வி இலாகா மேற்பார்வையாளர் வந்தார். கழுத்தில் டை கட்டிய தமிழர். வராந்தாவில் ஈரம், பாய் ஒருபக்கம் அரபு எழுத்தில் எழுதுகிறார், அண்ணன் என் உதட்டைப் பார்க்கிறார், ஒரு பெண்மணி சிலேட்டில் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார். அவருக்கு மூக்கு விடைத்தது.

"என்ன டீச்சர் இது, வகுப்பா, பாசாரா?"

"பாசார்தான் சார்" என்றேன். "அவங்கவங்களுக்கு வேணுங்கறது இங்க கெடைக்கும்."

தலைமையாசிரியர் என் பின்னால் நின்று இருமினார். புத்தகப்படி பாடம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடவேண்டியிருக்கும் என்று மேற்பார்வையாளர் சொன்னார். சோதித்துப் பாருங்கள் என்றேன். பாயைக் கேட்டார், பாய் வெளுத்துவாங்கினார். அண்ணனைக் கேட்டார், அவர் முகத்தைக் கையால் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அண்ணன் பதில் சொன்னார். அக்காவிடம் வந்தபோது நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். "இவங்களோட சோதன இங்க இல்ல சார், ஆபீஸ்ல" என்றேன். டையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அக்கா தோற்றால் இந்த வகுப்பும் என் கையைவிட்டுப் போகும் என்பது அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அக்காவிடம் சொல்லவில்லை. அவர் தலையில் இருக்கிற பாரம் போதும்.

அக்காவை ஆபீசுக்கு வரச்சொல்லியிருந்த அன்று பள்ளி விடுமுறை. நானும் போனேன். அதிகாரியின் அறைக்கு மேலும் கீழும் திறந்த அரைக்கதவு. வெளியே நீளப் பெஞ்சு. நானும் அக்காவின் வீட்டுக்காரரும், முறைக்குக் காத்திருக்கும் இன்னும் சிலரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

பெயர் கேட்டார், சொன்னார். வீடு, வேலை, பிள்ளைகள் எல்லாம் மளமளவென்று போயிற்று. அதிகாரி எதையோ கேட்டுச் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

உள்ளே சத்தம் இல்லை.

வீட்டுக்காரருக்கு அந்த மௌனத்தின் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. "அடப் பாவி, இதுக்குத்தான் அன்னிக்கும்..." என்று எழுந்தார். "நான் போய்ச் சொல்லிடட்டுமா டீச்சர்? என் பேருதானே?"

"உக்காருங்க!" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அக்காவின் குரல். நாங்கள் எத்தனையோ சாயங்காலம் சொல்லிப் பார்த்த வாக்கியம். ஐயா, மனைவி கணவர் பெயரை வாயால் சொல்வதில்லை, அது எங்கள் அடாட், எழுதிக் காட்டலாமா? தடுமாறாமல், மீன்காரனிடம் பேசிய அதே தெளிவான குரலில், ஆனால் மரியாதையாக.

நாற்காலி நகர்கிற சத்தம். மேசை இழுப்பறை திறக்கிற சத்தம். அப்புறம் எதுவுமே இல்லை. அக்கா எழுத எவ்வளவு நேரம் எடுப்பார் என்று எனக்குத் தெரியும், ஒவ்வோர் எழுத்தாக நானும் மனசுக்குள் எழுதிக்கொண்டு வந்தேன். நான் முடித்தபிறகும் உள்ளே முடியவில்லை. எங்கே நின்றுபோனாரோ என்று அரைக்கதவையே பார்த்தேன்.

அரைக்கதவு திறந்தது. அதிகாரி கையில் ஒரு தாளோடு வெளியே வந்தார். பெஞ்சில் இருந்தவர்களை வரிசையாகப் பார்த்தார். தாளைப் பார்த்தார். வீட்டுக்காரரின் பெயரை, ஓர் எழுத்துக் குறையாமல், மலாய் உச்சரிப்பில், உரக்க வாசித்தார்.

அக்காவின் வீட்டுக்காரர், நான்தான் ஐயா என்று மலாயில் சொல்லித் துள்ளி எழுந்தார். "சாயா, துவான்!"

அதிகாரி அவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். உள்ளே திரும்பி, "பண்டாய்!" என்றார். கெட்டிக்காரி என்று அர்த்தம். கதவு மூடிக்கொண்டது.

முன்பின் பார்த்திராத ஓர் ஆள் அக்காவின் கையெழுத்தை வாசிக்கிறார்; வாசித்த பெயருக்கு உரியவர் எழுந்து நிற்கிறார். எனக்கு அந்தப் பெஞ்சில் ஏறி நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. என் மாணவி, என் மாணவி என்று. கத்தவில்லை, கண்தான் நிறைந்துவிட்டது. எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ பரீட்சையில் தேறியிருக்கிறார்கள், அப்படி ஒரு கர்வம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததே இல்லை.

வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்திருந்தது. "பேரச் சொல்லிட்டாளா டீச்சர்?"

"சொல்லல. எழுதினாங்க."

"எழுதினாங்களா? யாரு?"

"உங்க வீட்டம்மாதான்."

அவர் என்னை நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா வெளியே வந்தார். பத்திரம் பிறகு வரும், கவலைப்படாதே என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். எழுதிக் காட்டிய தாளையும் அவரிடமே கொடுத்திருந்தார். அதில் இரண்டு வரி. கேட்டது ஒரு பெயர்; நான் என்றோ ஒருநாள் எழுதிக் காட்டியிருந்த தன் பெயரையும் அக்கா சேர்த்து எழுதியிருந்தார். நேரம் ஆனது அதனால்தான்.

வீட்டுக்காரர் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். நான் திருப்பிக் கொடுத்தேன். ஆயுசு முழுக்க ரேகை வைத்தே பழகியவர். அட்டையில் இருந்தாலும், தன் பெயர் எப்படி இருக்கும் என்று அவர் உற்றுப் பார்த்ததே இல்லை. தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுபோனார்.

"இதுல எது டீச்சர் நான்?" என்று கேட்டார்.

நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"நீங்க சும்மா இருங்க டீச்சர். நான் காட்டுறேன்." காய்த்துப்போன விரலைத் தாளில் வைத்தார். "இது நான்." விரல் கீழே இறங்கியது. "இது நீங்க."

நான் சும்மா இருந்தேன். யாரோ சொல்லி நான் சும்மா இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.